வெண்டைக்காய் முனையை எங்கே ஒடிக்க விடுவார்கள்?

தங்கை மகள் கல்யாணமாகி, மதுரையிலேயே தனிக்குடித்தனம் வந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் ஒருநாள் ராத்திரி போன் செய்தாள். "பெரியம்மா, ஆப்புல முருங்கைக்காய் ஆர்டர் போட்டேன். சாம்பார்ல எவ்வளவு வெந்தும் விறகு மாதிரி இருக்கு. நீங்கல்லாம் காய் எங்க வாங்குறீங்க?" என்றாள். "ஒரே எடத்துல வாங்குறதில்லடி" என்று சொல்லிவிட்டேன். அது பதிலே இல்லை என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவளும் அவள் வீட்டுக்காரரும் ரெண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். "நாலு இடத்துக்கும் அலை" என்று சொன்னால் எப்படி?

எங்கள் பக்கம் வழி நான்கு. அண்ணா நகர் உழவர் சந்தை, காலையில் தெருவுக்கு வரும் தள்ளுவண்டி, ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட், பத்து நிமிஷத்தில் பையை வாசலில் வைத்துவிட்டுப் போகும் ஆப். இதில் எது நல்லது என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட வேண்டும். எந்தக் காயைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது, எதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்? இதைப் பிரித்துவிட்டால் கடை தானாக முடிவாகிவிடும்.

கை வைத்துப் பார்க்க வேண்டியவை

முதலில் வெண்டைக்காய். முனையைப் பெருவிரலால் தள்ளினால் டக்கென்று ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்து கொடுத்தால் முற்றல். வதக்கினாலும் வாயில் நார் சுற்றும். இது எல்லோருக்கும் தெரிந்த சோதனைதான். ஆனால் விற்கிறவருக்கு இதில் எவ்வளவு எரிச்சல் என்பதைச் சந்தையில் நின்று பார்த்தால்தான் தெரியும். முனை ஒடிந்த காய் கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் கறுத்துவிடும், அடுத்து வருகிறவர் அதைத் தொட மாட்டார். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற ஒருவர் இருபது காயை ஒடித்துப் பார்த்துவிட்டுக் கால் கிலோகூட வாங்காமல் நகர்ந்தார். அந்த விவசாயி ஒன்றும் சொல்லவில்லை. ஒடிந்த காயையெல்லாம் பொறுக்கித் தன் சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் தனியாக வைத்தார். அன்றிலிருந்து நான் இரண்டு காய்க்கு மேல் ஒடிப்பதில்லை, ஒடித்ததை என் தட்டிலேயே போட்டுக்கொள்வேன். ஆள்காட்டி விரல் நீளத்துக்குள் இருக்கிற காயாகப் பார்த்து எடுத்தால் பெரும்பாலும் ஒடிக்கவே தேவையிருக்காது.

முருங்கைக்காயை இரண்டு கையாலும் பிடித்து ஈரத்துணி பிழிகிற மாதிரி லேசாக முறுக்கிப் பார்க்க வேண்டும். வளைந்து கொடுத்தால் இளசு. விறைத்துக்கொண்டு நின்றால் சாம்பாரில் போட்டு யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ரொம்பப் பிஞ்சாக இருந்தாலும் உள்ளே சதை இருக்காது. சாம்பாருக்கு விதை லேசாகப் புடைத்துத் தெரிகிற நடுத்தரக் காய்தான் சரி. இந்த நடுத்தரத்தை எந்த ஆப்பில் எந்தப் பொத்தானை அமுக்கி வாங்குவது?

கத்தரிக்காயில் பளபளப்பும் பச்சைக் காம்பும் எல்லோரும் பார்ப்பதுதான். நான் எடையையும் பார்ப்பேன். ஒரே அளவில் இரண்டு காய் இருந்தால் லேசானதை எடுக்க வேண்டும், கனமானதில் பெரும்பாலும் விதை அடைத்திருக்கும். முள்ளங்கிக்கு இது அப்படியே தலைகீழ். பார்க்கப் பெரிதாக இருந்து கையில் லேசாக இருந்தால் உள்ளே நெட்டி. கத்தரிக்காய்க் காம்பில் முள் குத்துகிறது என்று ஒதுக்கவும் வேண்டாம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் இலவம்பாடிக் கத்தரிக்காய்க்குப் பெயரே முள்ளு கத்தரிக்காய்தான். ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். "புழு இருந்தால்தான் மருந்து அடிக்காத காய்" என்று சந்தையில் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். மருந்து அடித்த தோட்டத்திலும் புழு தப்பிப் பிழைக்கிறது.

சுரைக்காயில் நகம் சுலபமாக இறங்க வேண்டும். இதில் வாங்கிய பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். கசக்கும் சுரைக்காய் வயிற்றைப் புரட்டி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சுரைக்காய் ஜூஸ் குடிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சின்ன வெங்காயத்தைக் கையில் அள்ளினால் சருகு மாதிரி சலசலக்க வேண்டும். சத்தம் வராமல் பிசுபிசுத்தால் ஈரம் காயாத வெங்காயம், மூன்றாம் நாளே கூடையிலிருந்து வாடை கிளம்பும். தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பது, கண்ணைச் சுற்றிப் பூஞ்சையும் ஈரமும் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் உங்கள் வீட்டிலேயே பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

தக்காளியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் வாரம் முழுக்க ஏமாறுகிறோம். ஒரு வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ வேண்டுமென்றால் அரை கிலோ நல்ல பழமாக, அரை கிலோ அரைப்பழமாக, அரை கிலோ செங்காயாக எடுங்கள். பழம் முதல் இரண்டு நாளைக்கு ஆகும். அது தீரும்போது அரைப்பழம் பழுத்திருக்கும், கடைசியில் செங்காய் கைகொடுக்கும். ஃப்ரிட்ஜில் அடைக்கத் தேவையில்லை. குளிரில் தக்காளியின் மணமும் ருசியும் போய்விடும். இப்படி மூன்று பதமாகப் பொறுக்க வேண்டுமானால் குவியலுக்கு முன்னால் நாமே நின்றால்தான் முடியும். ஆப்பில் "தக்காளி, 500 கிராம்" என்றால் வருவது எல்லாம் ஒரே பதம், ஒரே நாளில் எல்லாம் பழுத்து ஒரே நாளில் எல்லாம் தளர்ந்துவிடும். அதோடு, ரசத்துக்கு நாட்டுத் தக்காளிதான். புளிப்பும் சாறும் அதில்தான் இருக்கிறது. தோல் மெல்லிசு, தூரப் பயணம் தாங்காது. தோல் தடித்த ஹைப்ரிட் பெட்டியில் அடுக்கிப் பல மைல் வந்தாலும் அப்படியே இருக்கும். சூப்பர் மார்க்கெட்டிலும் ஆப்பிலும் பெரும்பாலும் ஹைப்ரிட்டாகவே இருப்பதற்கு அதுதான் காரணம். யாரும் நம்மை ஏமாற்றுவதற்காகச் செய்வதில்லை.

இனி, பார்க்காமல் வாங்கினாலும் பெரிய நஷ்டமில்லாதவை: பல்லாரி (பெரிய வெங்காயம்), உருளைக்கிழங்கு, பூண்டு, பீட்ரூட், கேரட், முட்டைக்கோஸ். உருளைக்கிழங்கில் தோல் பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் கிழங்கு பச்சை நிறமாகும். அந்தப் பச்சை இருக்கிற இடத்தில் உடம்புக்கு ஆகாத சோலனைன் சேர்ந்திருக்கும். கொஞ்சமாக இருந்தால் ஆழமாகச் சீவிவிடலாம், நிறைய இருந்தால் வேண்டாம். ராப்பகலாக விளக்கு எரியும் கடையில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

உழவர் சந்தை

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது எங்கள் அண்ணா நகரில்தான். மதுரைக்காரர்கள் இதைச் சொல்லாமல் விட மாட்டோம். பஞ்சாபில் அப்னி மண்டி என்றும் ஆந்திராவில் ரைத்து பஜார் என்றும் இதேபோல ஏற்கெனவே இருந்தன. அடையாள அட்டை வாங்கிய விவசாயிகள் தங்கள் விளைச்சலைத் தாங்களே கொண்டுவந்து விற்க வேண்டும், இடைத்தரகர் கூடாது, கடைக்கு வாடகை கிடையாது என்பது ஏற்பாடு. அன்றன்றைய விலையை அதிகாரிகள் முடிவு செய்து பலகையில் எழுதிப் போடுவார்கள். மொத்த மார்க்கெட் விலையைவிடக் கூட, சில்லறை விலையைவிடக் குறைவு என்று இடைப்பட்ட ஒரு விலையாக வைப்பார்கள். அதனால் பேரம் பேசும் வேலை இல்லை. பேரத்துக்குச் செலவாகும் மூச்சைக் காய் பொறுக்கச் செலவழிக்கலாம்.

பொறுக்கவும் விடுவார்கள். இரவில் அல்லது விடிகாலையில் பறித்த காய். காம்பு வெட்டின இடத்தில் ஈரம் இன்னும் காய்ந்திருக்காது. கத்தரி, வெண்டை, அவரை, புடலை, பீர்க்கு, கீரை மாதிரி நாட்டுக்காய்க்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

குறை இல்லாமல் இல்லை. ஆறு மணிக்குப் போனால் கிடைப்பது ஒன்பது மணிக்குக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்துவதற்குள் பாதி உயிர் போய்விடும். இன்னொரு குறை நம்முடையது. மலிவாக இருக்கிறதே என்று அள்ளுவோம். கிலோ 40 ரூபாய்க்கு வாங்கி அதில் கால் கிலோ அழுகினால், சாப்பிட்ட முக்கால் கிலோவுக்கு 40 ரூபாய். கிலோ 53 ரூபாய்க்கு மேல் ஆகிறது. இதே காயை வண்டியில் 50 ரூபாய் விலைக்கு அரை கிலோ வாங்கி முழுவதையும் சமைத்திருந்தால் அதுதான் லாபம். என் வீட்டில் இரண்டு வருஷம் இந்தக் கணக்குப் புரியாமலே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பை நிறையக் கொண்டுவருவேன், வியாழக்கிழமை ஃப்ரிட்ஜின் அடித்தட்டிலிருந்து கொத்தமல்லிக் கூழை வழித்துப் போடுவேன்.

தள்ளுவண்டி

எங்கள் தெருவுக்கு வரும் அக்கா விடியும் முன்பே மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து, ஏழரை மணிக்கெல்லாம் தெருமுனையில் குரல் கொடுத்துவிடுவார். விலை சந்தையைவிடக் கூடத்தான். அவர் தூக்கம் கெட்டதற்கும் வண்டி தள்ளினதற்கும் அந்த வித்தியாசம். அதில் எனக்குப் புகார் இல்லை.

ஆனால் பொறுக்க விட மாட்டார். தக்காளிக் குவியலில் கை வைத்தால், "எல்லாரும் நல்லதா எடுத்துக்கிட்டா மிச்சத்த நான் யாரு தலையில கட்டுறது தாயி?" என்பார். நியாயமான கேள்வி. அவரே அள்ளிப் போடுவார், நாலு நல்லது, ஒன்று சுமார். அந்த ஒன்றை நான் கண்டுகொள்வதில்லை. பதிலுக்கு அவர் செய்வதை வேறு யாரும் எனக்குச் செய்வதில்லை. "இன்னைக்கு அவரை வாங்காதீங்க, நேத்து மிஞ்சினது" என்பார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரியும், பாகற்காய் வந்தால் எனக்கென்று ஒதுக்கி வைப்பார். நூறு கிராம் பச்சை மிளகாய் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். கறிவேப்பிலையும் இரண்டு கொத்தமல்லித் தண்டும் கொசுறு. சில்லறை இல்லையென்றால் "நாளைக்குக் குடுங்க".

இதெல்லாம் ஒரே வண்டியில் வாங்கிப் பழகினால்தான் கிடைக்கும். புதிதாக வருகிற வண்டியில் முதல் நாளே கொசுறும் உண்மையும் எதிர்பார்க்க முடியாது. எலக்ட்ரானிக் தராசாக இருந்தால் காயை வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பழகின இடத்திலும் பார்க்கலாம், தப்பில்லை.

சூப்பர் மார்க்கெட்

ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்கு வருகிறவர்களுக்குத் திறந்திருக்கிற கடை இது, அதுதான் இதன் முதல் பலம். பொறுக்க யாரும் தடை சொல்வதில்லை. சிக்கல் என்னவென்றால் நமக்கு முன்னால் ஐம்பது பேர் பொறுக்கியிருப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கு வெண்டைக்காய்த் தட்டில் பாதிக்குமேல் முனை ஒடிந்திருக்கும். காயை மேலே தண்ணீர் தெளித்துப் பளபளப்பாக வைத்திருப்பார்கள். அந்தப் பளபளப்பை நம்பக் கூடாது, காம்பைத்தான் பார்க்க வேண்டும். காம்பு சுருங்கியிருந்தால் தண்ணீர் தெளித்து ஒன்றும் ஆகப் போவதில்லை.

உருப்படியான யோசனை ஒன்று: காய்ப் பகுதியில் அடுக்கும் தம்பியிடம், "லோடு என்னைக்கு வரும்?" என்று கேட்டு வையுங்கள். தயங்காமல் சொல்லிவிடுவார்கள். அந்த நாள் போனால் ஒரு கடை, மறுநாள் ராத்திரி போனால் வேறொரு கடை. காளான், குடைமிளகாய், ஸ்வீட் கார்ன் மாதிரி சந்தையில் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவற்றுக்கு இங்கேதான் போவேன். பாலித்தீன் சுற்றிய தட்டு எதுவானாலும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் தண்ணீர் கோத்திருந்தால் வைத்துவிடுங்கள்.

ஆப்

ஆப்பைத் திட்டுவது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை வாழைப்பூ வடைக்காகப் பூ ஒன்று போட்டேன். வந்ததை உரிக்க உரிக்க உள்ளே எல்லாம் கறுப்பு. போட்டோ எடுத்து அனுப்பினேன், ஐந்து நிமிஷத்தில் பணம் திரும்பி வந்துவிட்டது. வாக்குவாதம் இல்லை, "அது அப்படித்தாம்மா இருக்கும்" என்கிற பதில் இல்லை. எந்தச் சந்தையிலும் இவ்வளவு மரியாதையாகப் பணம் திரும்பி வந்ததில்லை. ஆனால் அன்றைக்கு வடை இல்லை.

கொடவுனில் நமக்காகக் காய் எடுக்கும் பையனைக் குறை சொல்லி ஆகப் போவது ஒன்றுமில்லை. அவனுக்கு முன்னால் கடிகாரம் ஓடுகிறது. மேலே இருக்கும் பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டால்தான் அடுத்த ஆர்டர். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்க அவனுக்கு நேரமும் இல்லை, அது அவன் சாப்பிடப் போகிற சாம்பாரும் இல்லை. திரையில் இருக்கிற படமோ கோடையிலும் மழையிலும் ஒரே படம்.

விலை சில நாள் வண்டியைவிடக் குறைவாகவே இருக்கும். டெலிவரிக்கு, பேக்கிங்குக்கு என்று அடியில் சேரும் தொகையையும் கூட்டிப் பாருங்கள். இலவச டெலிவரிக்கு இன்னும் கொஞ்சம் வாங்கு என்று காட்டும்போது ஆர்டரில் ஏறும் பிஸ்கட் பாக்கெட்டையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகும் நான் ஆப்பை போனிலிருந்து எடுக்கவில்லை. முழங்கால் வலியோடு மாடியில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு, ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும்போது, உருளைக்கிழங்கும் பல்லாரியும் வாசலுக்கே வருவது சின்ன விஷயம் இல்லை. திடீரென்று விருந்தாளி வந்து நிற்கிற மாலைக்கும் அதுதான் துணை.

ஒரே இடத்தைக் கட்டிக்கொண்டு இருந்தால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூலையில் பார்த்தோம். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஏறியது. அரசு ரேஷன் கடைகளிலும் கூட்டுறவுத் துறையின் பண்ணை பசுமைக் காய்கறிக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்தது. நாலு இடத்திலும் கால் வைத்திருந்தவர்களுக்கு எங்கே என்ன விலை என்று தெரிந்திருந்தது. மற்றவர்கள் திரையில் காட்டிய விலையைக் கொடுத்தார்கள், இல்லாவிட்டால் ரசத்தில் புளியைக் கூட்டினார்கள்.

தங்கை மகளுக்கு

ஆக, அவளுக்கு நான் சொல்லப்போவது இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தை: மூன்று பதத்தில் தக்காளி, வெண்டை, கத்தரி, முருங்கை, சின்ன வெங்காயம், தேங்காய். தக்காளி வாரத்துக்கு, மற்றவை நான்கு நாளைக்கு மட்டும். புதன், வியாழனில் தெருவண்டி: கீரை, மல்லி, மிளகாய், அன்றைக்கு வண்டியில் எது நன்றாக இருக்கிறதோ அது. என்ன சமைப்பது என்று முடிவு செய்துகொண்டு வண்டிக்குப் போகக் கூடாது, வண்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். கிழங்கு, பல்லாரி, பூண்டை ஆப்பில் போட்டுக்கொள்ளட்டும். உருளையையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் கொட்டாமல் தள்ளித் தள்ளி வைத்தால் போதும், சேர்ந்து கிடந்தால் சீக்கிரம் கெட்டுவிடும். ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் நேரம் என்றால் சூப்பர் மார்க்கெட், அதுவும் லோடு வந்த அன்றைக்கு. காலையில் எழுந்திருக்கவே முடியாது என்று அவள் சொன்னால், சந்தையை விட்டுவிட்டு நல்ல வண்டி ஒன்றைப் பிடித்துக்கொள்வதுதான் அடுத்த வழி. அதில் நஷ்டம் கிலோவுக்குப் பத்து ரூபாய்தான்.

பழத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், அது தனிக்கதை. மாம்பழத்துக்கு ஒரு வரி மட்டும். கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, எத்திலீன் வாயுவுக்குத்தான் அனுமதி. முழுக்க மஞ்சளாக இருந்தும் காம்பருகே மணமே இல்லாத பழத்தை, யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குச் சந்தை வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். மஞ்சப்பை இரண்டு, பத்து ரூபாய்ச் சில்லறை கொஞ்சம். அடியில் முள்ளங்கி, மேலே தக்காளி என்று பை அடுக்கவும் அங்கேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையும் வருகிறாராம். தேங்காய்ப் பையைத் தூக்க ஆள் கிடைத்தது.